மழைக்காலத்தில் அனுபவமுள்ள விமானிகள்கூட நடைமுறையில் தவறுகிறார்களே, அலட்சியமா?

அலட்சியம் என்று கேட்டதால்தான் எழுதுகிறேன். நீங்கள் திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் போய்வருகிறவர் என்று நினைக்கிறேன், பயம் புரிகிறது. ஆனால் பெரும்பாலும் தெரியாமல் தவறுவதில்லை. தினமும் செய்கிற வரிசை நடுவில் அறுபடும்போதுதான் ஒரு படி விட்டுப்போகிறது. மழை, காற்று, பழுது எல்லாம் அந்த வரிசையைத்தான் முதலில் கலைக்கும்.

2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். ஸ்பான்ஏர் விமானம் ஒரு சென்சார் கோளாறால் ஓடுபாதை வரை போய்த் திரும்பி வந்தது. சரிசெய்து மறுபடி கிளம்பும்போது, செக்லிஸ்ட் வாசிப்பின் நடுவில் கேப்டன் வேறு வேலை சொல்ல, பிளாப்ஸை, அதாவது விமானம் மேலெழும்ப உதவுகிற இறக்கையின் பின்பக்கப் பலகைகளை, இறக்குவது விட்டுப்போனது. கடைசிச் சரிபார்ப்பில் துணை விமானி வழக்கமான எண்ணை வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டார், எச்சரிக்கை ஒலியும் வரவில்லை. 154 பேர் இறந்தார்கள். 1987-இல் டெட்ராய்ட்டிலும் இதே பிளாப்ஸ்தான். அங்கே கிளம்புகிற நேரத்தில் ஓடுபாதை மாறியிருந்தது.

நான் துணை விமானியாகச் சேர்ந்த புதிதில், ஐப்பசி அடைமழையில், திருச்சியிலும் அப்படி ஒரு நிலைமை. 27-ஆம் ஓடுபாதைக்கு எல்லாம் தயார். காற்று திரும்பியதும் டவரிலிருந்து 09 என்றார்கள், அதாவது அதே ஓடுபாதையில் எதிர்ப்பக்கமாகக் கிளம்ப வேண்டும். ஓடுபாதை மாறினால் வேகக் கணக்கு, ஏறிப்போகும் பாதை எல்லாம் மாறும். ஏற்கெனவே தாமதம், மாறியதை மட்டும் திருத்திக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கேப்டன் பார்க்கிங் பிரேக்கைப் போட்டார். கண்ணாடியில் வைப்பர் அடித்துக்கொண்டே இருக்க, அவர் பிளாப்ஸ் லீவரைத் தொட்டு, பிளாப்ஸ் காட்டும் முள்ளையும் பார்த்துவிட்டு, "முதல் வரியிலிருந்து வாசிப்பா" என்றார். எங்கள் ஊர்க் களத்தில் நெல் அளக்கிறவரும் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தப்பினால், மறுபடி, ஒன்று என்பதற்குப் பதிலாகச் சொல்கிற "லாபம்" என்றுதான் தொடங்குவார். அன்று பின்னால் பயணிகள் போட்ட சத்தத்துக்குக் கேப்டன் அசையவே இல்லை. அந்த மனுஷன்மேல் எனக்கு இன்றும் அவ்வளவு மரியாதை.

விமானிகளுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாராவது வருவார்கள். சரி, தெரிந்தே விதியை மீறுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தண்டனை வேண்டும்தான். ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே டிவியில் உட்கார்ந்து "பைலட் தப்பு" என்று முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

அப்புறம், கேட்காமலே ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பையன் பைலட் படிக்கக் கடன் கேட்டால் வங்கியில் நிலப் பத்திரம் கேட்கிறார்கள். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிற குடும்பம் பத்திரத்துக்கு எங்கே போகும்? எனக்கு என் மாமா தன் பெயரில் இருந்த நிலத்தை ஈடு வைத்தார். அப்படி ஒரு மாமா இல்லாத கெட்டிக்காரப் பையன்கள் ஆசையோடு நின்றுவிட்டார்கள்.