கல்லூரி வகுப்பில் மாணவர்கள் வாயே திறப்பதில்லை, எப்படி நடத்தினால் பாடம் மனதில் நிற்கும்?

கேள்வி கேட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் என்று எடுத்துக்கொள்கிறேன். "எவ்வளவு தயார் செய்து போனாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், தேர்வு முடிந்த மறுநாளே எல்லாம் மறந்துபோகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வருடம் நானும் அதே இடத்தில்தான் நின்றேன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஈரோடு பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறை, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் (தண்ணீர், காற்று போன்றவை எப்படி ஓடுகின்றன என்கிற பாடம்) நடத்துகிறேன். ஓடுகிற தண்ணீரின் வேகம், அழுத்தம், உயரம் மூன்றையும் இணைக்கிற பெர்னூலி சமன்பாட்டை போர்டில் ஒரு வரி விடாமல் எழுதிப் போடுவேன், அவர்களும் ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், இன்டர்னல் டெஸ்ட்டில் அதை அப்படியே திருப்பி எழுதுவார்கள். ரிசல்ட்டும் மோசமில்லை. நன்றாகத்தான் நடத்துகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கொரோனாவுக்கு முந்தின வருடம், பம்ப் பாடம் முடித்த மறுநாள், சும்மா ஒரு கேள்வி கேட்டேன். கிணற்று மேட்டில் 5 ஹெச்.பி மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகவே இருப்பது), தண்ணீர் 50 அடி கீழே கிடக்கிறது, மோட்டார் ஓடுகிறது ஆனால் தண்ணீர் ஏறவில்லை. 10 ஹெச்.பி மாற்றினால் ஏறுமா? 58 பேரில் 40 பேர் ஏறும் என்று கை தூக்கினார்கள். அதில் முந்தின வாரம் பம்ப் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கினவர்களும் இருந்தார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

அப்போது கடைசி பெஞ்சில் காங்கேயம் பக்கத்துப் பையன் ஒருவன், மூன்று அரியர் வைத்திருந்தவன், அதுவரை என் வகுப்பில் பேசியே கேட்டதில்லை, "ஏறாதுங்க மேம். எங்க அப்பிச்சி தோட்டத்துல தண்ணி இறங்க இறங்க மோட்டாரையும் கிணத்துக்குள்ள இறக்கிட்டே போவாங்க. பெரிய மோட்டார் மாத்திப் பார்த்தும் ஆகலீங்க" என்றான். ஏன் என்று கேட்டேன். தெரியலீங்க என்று உட்கார்ந்துவிட்டான். காற்றழுத்தம் 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி, உயரத் தண்ணீருக்குச் சமம் என்பது முன் பெஞ்சில் இருந்த பெண்ணுக்கு மனப்பாடம், ஆனால் அதற்கும் கிணற்றுக்கும் சம்பந்தம் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

சரி, நான் சொல்ல மாட்டேன், பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசி முடிவு பண்ணுங்கள் என்று ஐந்து நிமிடம் விட்டேன். தமிழிலேயே பேசச் சொன்னேன். அந்த வகுப்பில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை, குழாயில் அழுத்தத்தைக் குறைக்க மட்டும்தான் செய்கிறது, மேலே தள்ளுவது வெளியே இருக்கிற காற்று, அதன் தெம்பு 34 அடிக்கு மேல் போகாது, நடைமுறையில் 25 அடி தாண்டுவதே கஷ்டம், ஹெச்.பி எத்தனை கூட்டினாலும் காற்றழுத்தம் கூடாது. இவ்வளவையும் அவர்களே பேசிக் கொண்டுவந்தார்கள், நான் இரண்டு இடத்தில் திருத்தினேன், அவ்வளவுதான். மறுபடி கை தூக்கச் சொன்னபோது ஏறும் என்றவர்கள் ஆறு பேர். அப்புறம் ஒருத்தி எழுந்து, "அப்படின்னா போர்வெல்ல கம்ப்ரசர் எப்படிங்க மேம் அத்தனை ஆழத்துல இருந்து எடுக்குது?" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கம்ப்ரசர் குழாயின் அடியில் காற்றை விடுகிறது, காற்றுக் குமிழி கலந்த தண்ணீர் எடை குறைந்துபோவதால், குழாய்க்கு வெளியே நிற்கிற தண்ணீர் அதை மேலே தள்ளிவிடுகிறது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்திலேயே இதை ஒரு முறையாக்கிவிட்டார். முதலில் கேள்வி, ஒவ்வொருவரும் தனியாக ஒரு பதிலில் நிற்க வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், பிறகு மறுபடி வாக்கு. சரியாகச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு என்றால் பேசவிட்டுப் பயனில்லை, விளக்கிவிட்டுத்தான் மறுபடி கேட்க வேண்டும். "இதெல்லாம் வெளிநாட்டுக்கு, நம்ம பிள்ளைகளுக்கு ஒத்துவராது" என்று கமெண்டில் எழுத வருபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2014ல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்களைச் செய்யவும் பேசவும் வைத்த வகுப்புகளில் சுமார் 22 சதவீதம். அவை அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள்தான். இலக்கியமோ சட்டமோ நடத்துகிறவர்களுக்கு நான் புத்தி சொல்லவில்லை. சிலபஸ் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். வருவித்தல்களில் (சமன்பாடு எப்படி வந்தது என்று படிப்படியாகக் காட்டுவது) பாதியை முன்னாடியே வீட்டில் படித்து வரச் சொல்லிவிட்டேன், முடிந்தது.

ஆனால் உங்களை எச்சரிக்க வேண்டும். அந்த செமஸ்டர் என் ஃபீட்பேக் மதிப்பெண் இறங்கியது. "மேம் நடத்துவதில்லை, எங்களையே பேசச் சொல்கிறார்" என்று எழுதியிருந்தார்கள். ஹெச்.ஓ.டி (துறைத் தலைவர்) கூப்பிட்டு விளக்கம் கேட்டார். ரொம்ப வலித்தது. பிறகுதான் 2019ல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளிலேயே நடந்த ஒரு ஆய்வு கண்ணில் பட்டது. தாங்களே முயன்று படித்த மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றோம் என்றுதான் உணர்ந்தார்கள். நல்ல விரிவுரை கேட்டால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். இப்போது முதல் வாரத்திலேயே இதை வகுப்பில் சொல்லிவிடுகிறேன், புகார் குறைந்திருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மே மாத வெயிலில் எங்களைப் பிளஸ் டூ பிள்ளைகளின் வீடு வீடாக அனுப்புகிறார்கள், ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று கணக்கு, கொண்டுவராவிட்டால் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். செமஸ்டர் நடுவில் கோர்ஸ் ஃபைல், சி.ஓ-பி.ஓ மேப்பிங் (ஒரு பாடத்தின் இலக்குகள் முழுப் படிப்பின் இலக்குகளோடு எப்படிப் பொருந்துகின்றன என்று காட்டும் அட்டவணை) என்று ராத்திரி பத்து மணி வரை தாள் நிரப்புகிறோம். ஒரு நல்ல கேள்வி யோசிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை எங்களுக்குக் கொடுக்காமல், கற்பித்தலை மேம்படுத்தப் பயிற்சி முகாம் நடத்துவதில் என்ன பிரயோஜனம்? பி.எச்.டி முடித்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஃபீஸ் சலுகை பேசுகிறோம், அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த வருடம் வகுப்பில் நம்மை எப்படிப் பார்க்கும்?

நீங்கள் முதலில் வாரத்துக்கு ஒரு கேள்வி என்று ஆரம்பியுங்கள். பாடப் புத்தகத்தில் தேடாதீர்கள், பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். என் வகுப்பில் சென்னிமலைத் தறி வீட்டுப் பிள்ளைகள், மஞ்சள் போடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், திருப்பூர் சாயப்பட்டறையில் அப்பா வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள், ஒவ்வொருவர் வீட்டிலும் எனக்கு ஒரு கேள்வி கிடைத்திருக்கிறது. உங்கள் பாடம் எது என்று கீழே எழுதுங்கள், சேர்ந்து யோசிக்கலாம்.