வாசகர் கேள்வி – பதில்: எடின்பரோவில் மாணவரின் சனியும் ஞாயிறும்

கேள்வி: எடின்பரோவில் முதுகலைப் படிப்பில் சேர்ந்து ஒரு பருவம் முடிந்துவிட்டது. வார நாள்கள் வகுப்பிலும் ஆய்வகத்திலும் கரைந்துவிடுகின்றன. விடுமுறை வந்தால் உடன் படிப்பவர்கள் லண்டனுக்கும் பாரிஸுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களோடு ஓட எனக்குப் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. அறையிலேயே கிடந்தால் காலத்தை வீணாக்குகிறேனோ என்ற உறுத்தல் எழுகிறது. இந்த ஊரையே நிதானமாகச் சுற்றிப் பார்க்க வழி சொல்வீர்களா?
— மாணவர் ஒருவர், எடின்பரோ

பதில்: இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பும் சுற்றுலாப் பயணிக்குக் கோட்டையும் ராயல் மைல் தெருவும் ஆர்தர்ஸ் சீட் குன்றும் ஒரே மூச்சில் முடிக்கவேண்டிய வேலைகள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்தச் சனிக்கிழமை விட்டதை அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளும் வசதி உங்களுக்கு உண்டு. ஆகவே ஒரு வார இறுதிக்கு ஒரு திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை வாட்டர் ஆஃப் லீத் என்னும் சிற்றாற்றின் கரையில் நடந்து பாருங்கள்.

பலெர்னோவிலிருந்து லீத் துறைமுகம் வரை ஆற்றோரமாக ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை செல்கிறது. முழுவதையும் நடக்க வேண்டாம். நடுத்துண்டே ஒரு பகலுக்குப் போதும். பெல்ஃபோர்டு சாலையில் உள்ள நவீனக் கலைக்கூடத்தின் வளாகத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கி, நீரோட்டத்தின் போக்கிலேயே நடந்தால் சிறிது நேரத்தில் டீன் வில்லேஜ் வந்துவிடும். பல நூற்றாண்டுகள் இந்த ஆற்று நீரால் சுழன்ற மாவு ஆலைகள் இருந்த இடம் அது. ஆலைகளின் காலம் முடிந்த பின்னர், 1880-களில், 'தி ஸ்காட்ஸ்மேன்' நாளிதழின் உரிமையாளர் ஜான் ரிட்சி ஃபிண்ட்லே அங்கே தொழிலாளர் குடும்பங்களுக்காக வெல் கோர்ட் என்ற செந்நிறக் குடியிருப்பைக் கட்டுவித்தார். எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் எதிர்க்கரையில் சற்று நேரம் நின்று அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். சொந்த வீடு வாங்க வழியில்லாத மக்களுக்காக அத்தனை அழகாக ஒருவர் கட்டியிருக்கிறார் என்பது என்னை எப்போதும் நெகிழவைக்கும் செய்தி. இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள் என்பதால் முற்றத்துக்குள் கூட்டமாக நுழைந்து சத்தமிடாமல் இருப்பதே மரியாதை.

அங்கிருந்து மேலும் நடந்தால் தாமஸ் டெல்ஃபோர்டு வடிவமைத்து 1831-இல் முடிந்த டீன் பாலம் தலைக்கு மேலே, முப்பது மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் கடந்து செல்லும். மேலே பேருந்தில் அதைக் கடக்கிறவர்களுக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு இருப்பதே தெரியாது. பாலத்தைத் தாண்டியதும் வருவது புனித பெர்னார்டு ஊற்று. கனிமச் சுவையுள்ள அந்த நீர் நோய் தீர்க்கும் என்று நம்பிய காலத்தில், 1789-இல், அதன் மேல் தூண்கள் சூழ்ந்த சிறு ரோமானியக் கோயில் போன்ற மண்டபத்தை எழுப்பி, நடுவில் நலத்தின் தெய்வமான ஹைஜீயாவின் சிலையை நிறுத்தினார்கள். பிறகு ஸ்டாக்பிரிட்ஜ் கடைத்தெரு. அதைக் கடந்தால் இன்வர்லீத்தில் அரச தாவரவியல் பூங்கா. 1670-இல் மூலிகைத் தோட்டமாக ஹோலிரூட் அரண்மனை அருகே தொடங்கிய இப்பூங்கா 1820-களில்தான் இங்கே இடம் மாறியது. தோட்டத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை. வசந்தத்தில் சென்றால் ரோடோடென்ட்ரான் புதர்கள் பூத்துக் குலுங்கும். ஜார்ஜ் ஃபாரஸ்ட் சீனாவின் யுனான் மலைகளில் அலைந்து சேகரித்து அனுப்பிய வகைகளும் அவற்றில் அடங்கும். இடையில் நிற்காமல் நடந்தால் இந்த வழி முழுவதும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதற்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள் என்பதுதான் என் யோசனை.

மறுநாள் காலை துணி துவைப்பதற்கும் சமையலுக்கும் உரியதாக இருக்கட்டும். பிற்பகலில் குவீன் தெருவில் உள்ள தேசிய உருவப்படக் கூடத்துக்குச் செல்லுங்கள். உருவப்படங்களுக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட கூடம் அது, 1889-இல் திறக்கப்பட்டது. அதற்கான செலவை ஏற்றவரும் முந்தைய நாள் ஆற்றங்கரையில் நீங்கள் சந்தித்த அதே ஃபிண்ட்லேதான். ஒரே மனிதரின் பணம் ஏழைகளின் குடியிருப்பாகவும் நாட்டின் வரலாற்றுக் கூடமாகவும் நிற்பதை அடுத்தடுத்த நாளில் பார்க்கும்போது, தனித்தனி இடங்களாகத் தெரிந்தவை ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். அவசரமாகப் பத்து இடங்களைப் பார்ப்பவருக்கு இந்தத் தொடர்பு பிடிபடாது.

உறுத்தலைப் பற்றியும் ஒரு சொல். படிக்கும் நேரத்தை முன்கூட்டியே முடிவுசெய்து, ஞாயிறு மாலையை அதற்கென ஒதுக்கிவிட்டால், மற்ற நேரத்தில் குற்ற உணர்வுக்கு இடமிருக்காது. மடிக்கணினியைப் பையில் எடுத்துச் செல்லாதீர்கள். பூங்கா இருக்கையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு பாதி மனத்தோடு படிப்பதில் படிப்பும் ஓய்வும் சேர்ந்தே கெடுகின்றன.

போக்குவரத்துக்கு: லோதியன் நகரப் பேருந்துகளில் ஊருக்குள் எவ்வளவு தொலைவு சென்றாலும் ஒரே கட்டணம், வங்கி அட்டையைத் தொட்டுப் பயணித்தால் ஒரு நாளில் வசூலிக்கப்படும் தொகைக்கு உச்சவரம்பும் உண்டு. 22 வயது நிறையாதவராக இருந்தால், 2022 ஜனவரி முதல் ஸ்காட்லாந்தில் வசிக்கும் இளையோருக்குப் பேருந்துப் பயணம் இலவசம். அதற்குரிய அட்டைக்கு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்குள் இருட்டிவிடுகிறது. மழையும் காற்றும் வேறு. குளிர்கால விடுமுறை நாளில் எங்கே போவது?
— மாணவி ஒருவர், எடின்பரோ

பதில்: வெளிச்சம் குறைவு என்பதால் வெளியே செல்வதைக் காலையில் முடித்துவிடுங்கள். சனிக்கிழமையானால் நகரின் நடுவே இருந்து கோட்டையில் பிற்பகல் ஒரு மணிக்கு முழங்கும் பீரங்கியைக் கேட்கலாம். லீத் துறையில் நிற்கும் கப்பல்கள் தம் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்ளக் கால்டன் குன்றின் நெல்சன் நினைவுச்சின்னத்தில் முதலில் குறித்த நேரத்தில் கீழே இறங்கும் ஒரு நேரப்பந்தை அமைத்தார்கள். மூடுபனியில் அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் 1861 முதல் பீரங்கியின் ஒலியாலும் நேரம் அறிவிக்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் பீரங்கி முழங்காது.

அதன் பின் சேம்பர்ஸ் தெருவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குள் புகுந்துகொள்ளுங்கள். நுழைவு இலவசம் என்பதால் முழுவதையும் பார்த்தே தீரவேண்டும் என்ற நெருக்கடி இல்லை. ஒரு நாள் லூயிஸ் தீவில் 1831-இல் வெளிப்பட்ட சதுரங்கக் காய்களை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். பதினொன்று இங்கே இருக்கின்றன, பெரும்பாலானவை லண்டனில் உள்ளன. கடல்விலங்கின் தந்தத்தில் செதுக்கிய அந்த அரசிகள் கன்னத்தில் கை வைத்துக் கவலையோடு அமர்ந்திருப்பதை அரை மணி நேரம் பார்த்தாலும் அலுக்காது. இன்னொரு நாள் டாலியைப் பாருங்கள். வளர்ந்த விலங்கின் உயிரணுவிலிருந்து படியாக்கம் (குளோனிங்) செய்யப்பட்ட முதல் பாலூட்டியான அந்தச் செம்மறியாடு, 1996-இல் இந்நகருக்கு அருகே ராஸ்லினில் பிறந்தது.

கேள்வி: என் மகள் விடுமுறை நாள்களில் ஆர்தர்ஸ் சீட் குன்றில் தனியாக ஏறுவதாகச் சொல்கிறாள். அனுமதிக்கலாமா?
— தாய் ஒருவர்

பதில்: அனுமதிக்கலாம், அம்மா. 251 மீட்டர் உயரமே கொண்ட, சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் கொதித்து அடங்கிய எரிமலை அது. பகல் நேரத்தில் மக்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருப்பார்கள். ஆயினும் உச்சியில் பாறைகள் வழவழப்பானவை, காற்றும் பலமாக வீசும். பிடிமானமுள்ள காலணி அணியட்டும். மழை பெய்த மறுநாளும் பொழுது சாயும் வேளையிலும் ஏறவேண்டாம். பாறை சரிந்ததால் 2018-இல் ரேடிகல் ரோடு என்ற பாதை மூடப்பட்டது. அத்தகைய இடங்களில் உள்ள அறிவிப்புப் பலகையை மீறி யாரேனும் நடந்தாலும் அவள் பின்தொடரக் கூடாது. கிளம்பும்போதும் இறங்கிய பிறகும் அறைத்தோழிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அவசர உதவிக்கு அழைக்கவேண்டிய எண் 999.