வீட்டுக்கு நாம் வந்துவிட்டோம், சாமான் வரவில்லை

கேள்வி: என் கணவரின் வேலை மாறியதால் குருகிராமிலிருந்து பாளையங்கோட்டைக்குக் குடிவந்திருக்கிறோம். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் ஆட்கள் சாமான் ஏற்றும்போது எட்டு நாளில் வந்துவிடும் என்றார்கள். இன்றோடு இருபது நாள் ஆகிறது. போன் செய்தால், "வண்டி நாக்பூர் தாண்டிவிட்டது மேடம்" என்கிறார்கள். நான்கு நாள் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான். இப்போது மீதிப் பணம் முழுவதையும் அனுப்பினால்தான் வண்டி நகரும் என்கிறார்கள். மாமியார் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய பாயில் படுக்கிறார். அவருக்கு முட்டி வலி. பத்தாம் வகுப்புப் பையனின் புத்தகம் எல்லாம் பெட்டிக்குள். "வந்துவிடும், விடு" என்கிறார் கணவர். எனக்குத் தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?
*– ஒரு வாசகி, பாளையங்கோட்டை*

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு கட்டில் வாங்குங்கள். மடக்குக் கட்டில் போதும். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் வாங்கிவிடுங்கள். முட்டி வலி உள்ளவர்களுக்குப் பாயில் படுப்பதைவிட, பாயிலிருந்து எழுந்திருப்பதுதான் பெரிய வேதனை. "நாளைக்கு வந்துவிடப் போகிறது, இன்றைக்கு எதற்குச் செலவு" என்று நாம் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போடுகிறோம். அப்படித் தள்ளியே இருபது நாள் போய்விடுகிறது. இன்னும் பத்து நாள் சாமான் வராது என்று வைத்துக்கொண்டு வீட்டை நடத்துங்கள். அதற்கு முன்னால் வந்துவிட்டால் நல்லதுதான்.

பையனுக்கு சி.பி.எஸ்.இ. பாடம் என்றால் என்.சி.இ.ஆர்.டி. இணையதளத்தில் எல்லாப் புத்தகமும் இலவசமாகக் கிடைக்கிறது. நடத்திக்கொண்டிருக்கும் பாடங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள். கேஸ் இணைப்பு இன்னும் மாறவில்லையா? 5 கிலோ சிலிண்டர் கேஸ் ஏஜென்சியிலும் சில பெட்ரோல் பங்குகளிலும் கிடைக்கும். அதற்கு முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். ஓட்டல் சாப்பாடு வயதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு குக்கர், ஒரு வாணலி இருந்தால் கஞ்சியோ ரசமோ வைத்துவிடலாம்.

சரி, இப்போது வண்டி விஷயம். என் கணவர் மத்திய அரசு ஊழியர். ஜபல்பூர், கொல்கத்தா, புனே என்று ஊர் ஊராகக் குடும்பத்தைக் கட்டித் தூக்கியவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெரும்பாலும் தாமதம் சாலையில் நடப்பதில்லை, குடோனில்தான் நடக்கிறது. டெல்லிப் பக்கமிருந்து திருநெல்வேலிக்கு 2,700 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனால் குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை எல்லாமே தேசிய நெடுஞ்சாலை 44-இன் மேல் இருக்கும் ஊர்கள். நேராக வரும் லாரிக்கு இது ஒரு வாரப் பயணம். உங்கள் சாமான் பார்ட் லோடில் வந்திருக்க வேண்டும். அதாவது உங்கள் வீட்டுச் சாமான் பாதி வண்டிதான், மீதிக்கு வேறு சாமான் சேர வேண்டும். தெற்கே போகும் வண்டி நிறையும்வரை உங்கள் பெட்டிகள் ஒரு குடோனில் கிடக்கும். வழியில் இன்னொரு குடோனில் இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவார்கள். அங்கேயும் காத்திருப்பு. போன் எடுக்கும் பையனுக்கு வண்டி எங்கே என்பது பல நேரம் தெரியவே தெரியாது. அதனால்தான் உங்களுக்குத் திரும்பத் திரும்ப நாக்பூர் பதிலே கிடைக்கிறது.

ஆகவே "எப்போது வரும்?" என்று இனிமேல் கேட்காதீர்கள். அதற்கு "ரெண்டு நாள்" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. "எந்த வண்டியில் இருக்கிறது? வண்டி எண் என்ன? எந்த ஊர் குடோன்? டிரைவர் நம்பர் கொடுங்கள்" என்று கேளுங்கள். வாயால் கேட்காமல் வாட்ஸாப்பிலும் மின்னஞ்சலிலும் கேளுங்கள். போனில் ஏதாவது சொன்னால், உடனே "இன்று இன்ன நேரத்தில் நீங்கள் சொன்னது இது" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். பெட்டிகளை அடுக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாமான் உண்மையிலேயே கையில் இருப்பவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. போட்டோ வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டிய நேரம் அது.

அடுத்து, ஏற்றும்போது கொடுத்த காகிதங்களை எடுத்து வையுங்கள். எல்.ஆர். எனும் லாரி ரசீதுதான் முக்கியம். வடக்கே பில்டி என்பார்கள். அதில் இருக்கும் கம்பெனிப் பெயரும், நீங்கள் பணம் அனுப்பிய பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பல இடங்களில் நம்மிடம் பேசியவர் ஒரு ஏஜென்ட், சாமானை ஏற்றிச் செல்பவர் வேறொருவர். அவர்களுக்குள் வாடகைப் பாக்கி இருந்தால் நம் பெட்டிகள் மாட்டிக்கொள்ளும். எல்.ஆர்.-இல் உள்ள நிறுவனத்தை நேரடியாக அழைத்து, எல்.ஆர். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இரண்டு வாரம் கிடைக்காத விவரம் அந்த ஒரு போனில் கிடைத்தது.

மீதிப் பணத்தை முழுவதாக அனுப்பாதீர்கள். அது போய்விட்டால் உங்கள் கையில் எந்தப் பிடியும் இல்லை. "வண்டி வாசலுக்கு வந்து, பெட்டிகளை எண்ணி இறக்கியதும் அங்கேயே தருகிறேன். பணம் தயாராக இருக்கிறது" என்று எழுதி அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், வண்டி எண்ணும் போட்டோவும் வந்த பிறகு ஒரு பகுதியை மட்டும் கொடுங்கள். பேசிய தொகைக்கு மேல் கேட்டு சாமானைப் பிடித்துவைத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். பாதிக்கப்பட்டவர் நீங்கள், கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

இன்றே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலும் பேசலாம். அதில் பதிவாகும் புகாருக்கே பல நிறுவனங்கள் அசைந்துகொடுக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இதற்காகக் குருகிராமுக்கு ஓட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் கிடையாது. ஏதாவது தொலைந்தோ உடைந்தோ போயிருந்தால், சாமான் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வண்டி வரும் நாளில் ஒன்று கவனியுங்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்து, "அவசரம், கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். இருபத்தைந்து நாள் காத்திருந்த களைப்பில் நமக்கும் போட்டுவிடத் தோன்றும். வாசலில் நாற்காலி போட்டு உங்கள் கணவரை உட்காரச் சொல்லுங்கள். அவர் கையில் பெட்டிப் பட்டியல் இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியும் உள்ளே போகும்போது அதன் எண்ணை உரக்கச் சொல்லி டிக் அடிக்கட்டும். நசுங்கிய பெட்டி, நனைந்த மெத்தை இருந்தால் இறக்குவதற்கு முன்பே போட்டோ எடுங்கள். டெலிவரி ரசீதில் "எல்லாம் நல்ல நிலையில் பெற்றேன்" என்று அச்சடித்திருக்கும். அதன் கீழே "பெட்டிகளைத் திறந்து பார்க்கவில்லை" என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஃபிரிட்ஜை நிமிர்த்திவைத்துச் சில மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள்.

உங்கள் கணவர் "விடு" என்று சொல்வது உங்கள் மேல் அக்கறை இல்லாமல் அல்ல என்று நினைக்கிறேன். புது வேலையில் முதல் மாதம் அவருக்கும் பாரம்தான். ஆனால் தினமும் போன் செய்து கெஞ்சும் வேலை உங்கள் தலையில் மட்டும் விழக்கூடாது. மின்னஞ்சலும் 1915-உம் அவர் பார்க்கட்டும். நீங்கள் ஒருநாளாவது அந்தப் போனைத் தொடாமல் இருங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து ஹைதராபாத்துக்கு ஆனி கடைசியில் மாறுகிறோம். ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. அதற்குள் சாமான் வந்துவிடுமா?
*– வாசகர், கோவை*

பதில்: பால் காய்ச்சும் நாளையும் சாமான் வரும் நாளையும் முடிச்சுப் போடாதீர்கள். சாமி படம், குத்துவிளக்கு, ஒரு பால் பாத்திரம், பச்சரிசி, சர்க்கரை எல்லாம் உங்கள் கைப்பெட்டியில் வரட்டும். ரயிலில் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் ஸ்லீப்பரிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம். நான்கு பேர் என்றால் ஒரு சின்னக் குடித்தனமே எடுத்துப் போகலாம். பள்ளி டி.சி., நகை, மாத்திரை, வீட்டுப் பத்திரம் லாரியில் ஏறவே கூடாது. ஆடிக்கு முந்தின வாரம் எல்லோரும் மாறுவார்கள். அப்போது வண்டியும் கிடைக்காது, நல்ல ஆட்களும் கிடைக்கமாட்டார்கள். முடிந்தால் அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே ஏற்றுங்கள். கையில் காசு இருந்தால் முழு வண்டி பேசுங்கள். ஏற்றிய வண்டியே இறக்கவும் வர வேண்டும் என்பதையும், சேரும் நாளையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: இ-வே பில் (சரக்கு ஏற்றிச் செல்ல ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) இல்லாததால் சாமான் வழியில் பிடிபட்டது, உடனே பணம் அனுப்புங்கள் என்கிறார்கள். அனுப்பலாமா?
*– வாசகி, திருச்சி*

பதில்: வேண்டாம். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியே விலக்குக் கொடுத்திருக்கிறது. பெட்டி பிரிக்காத புது டிவி, புது வாஷிங் மெஷின் மாதிரி ஏதாவது ஏற்றியிருந்தால் மட்டும் அதன் கடை பில்லை அனுப்பிவையுங்கள். மற்றபடி எந்த அதிகாரி, எந்த இடத்தில் நிறுத்தினார் என்பதற்கு எழுத்தில் ஆணை கேளுங்கள். அபராதம் விதித்திருந்தால் அதற்கான ஆணை கட்டாயம் இருக்கும்.