ஹெட்லைட்டுக்கு ரிலே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. பல்பும் கண்ணாடியும் ஒரே துண்டாக இருக்கும் பழைய சீல்டு பீம் விளக்குகளை எடுத்துவிட்டு 60/55 வாட் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) எச்4 ஹாலஜன் பல்பு போட்டேன். அப்படியும் வெளிச்சம் மஞ்சளாக, சோகையாகத்தான் விழுகிறது. அரை மணி நேரம் இரவில் ஓட்டினால் டிம்-பிரைட் மாற்றுகிற ஸ்டாக் கையில் சுடுகிறது. 100 வாட் பல்பு போடு என்கிறார் ஒருவர், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) போடு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? ரிலே போட்டால் பழைய வயரிங்கை வெட்ட வேண்டி வருமா?

பதில்: 100 வாட் பல்பை மறந்துவிடுங்கள். ஸ்டாக் சுடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது அந்த வரிதான். அதைச் சரிசெய்யும் வரை இரவில் காரை எடுக்காதீர்கள்.

இந்தக் காரில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்று பாருங்கள். பேட்டரி இருப்பது சீட்டுக்குப் பின்னால். அங்கிருந்து தடித்த கேபிள், எஞ்சினைத் தொடக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சுவிட்சான சாலினாய்டுக்கு வருகிறது, அதிலிருந்து பழுப்பு வயர் டாஷ்போர்டில் இருக்கும் லைட் சுவிட்சுக்கு ஏறுகிறது, சுவிட்சிலிருந்து நீல வயர் ஸ்டாக்குக்கு, ஸ்டாக்கிலிருந்து டிம்முக்கு நீலம்-சிவப்பு, பிரைட்டுக்கு நீலம்-வெள்ளை என்று இரண்டாகப் பிரிந்து, மறுபடி எஞ்சின் அறையைத் தாண்டி முன்பக்கத்தில் குழலுக்குள் செருகும் புல்லட் கனெக்டர்கள் வழியாக விளக்குக்குப் போகிறது. ஐம்பது வருடத்துக்கு மேலான செம்பு, ஐம்பது வருடத்துக்கு மேலான பித்தளை. டிம்மில் இரண்டு பல்பும் சேர்ந்து 110 வாட், அதாவது சுமார் 9 ஆம்பியர். பிரைட்டில் 10 ஆம்பியர். அத்தனையும் ஸ்டாக்குக்குள் இருக்கும் சின்னத் தொடுமுனைகள் வழியாகத்தான் போயாக வேண்டும். போதாக்குறைக்கு இந்த ஹெட்லைட் சுற்றில் ஃபியூஸே கிடையாது.

வழியில் தொலையும் வோல்ட்டேஜ் கொஞ்சம்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஃபிலமென்ட் பல்பில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து பல்புக்கு 12.3தான் வந்து சேர்கிறது என்றால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த மஞ்சள் நிறத்துக்கும் இதுவே காரணம், ஃபிலமென்ட் போதிய அளவு சூடேறவில்லை. இதே வயரில் 100 வாட் பல்பைப் போட்டால் வயர் வழியாக இன்னும் அதிக ஆம்பியர் போகும், இன்னும் அதிக வோல்ட் தொலையும், ஸ்டாக் உருகும். போன முறை இப்படி ஒரு ஸ்டாக்கைக் கழற்றிப் பார்த்தேன். தொடுமுனையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறி, நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது, கருகல் வாடை வேறு. வெளியிலிருந்து பார்த்தால் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அதனால் ரிலே என்பதே என் பதில். ஆனால் வாங்குவதற்கு முன்னால் மல்டிமீட்டரை எடுங்கள், இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு, டிம்மைப் போட்டு, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைச் சாலினாய்டின் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் மறுமுனையைப் பல்பின் டிம் டெர்மினலிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவதுதான் நீங்கள் வழியில் தொலைக்கும் வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. ஒன்று, ஒன்றரை என்று காட்டினால் ரிலே போட வேண்டியதுதான்.

அப்புறம் அதே சோதனையை எர்த் பக்கமும், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பக்கமும் செய்யுங்கள், பல்பின் கறுப்பு வயருக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவில். இதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். நானே முதல் தடவை இதைச் செய்யாமல் ரிலே போட்டு, எதிர்பார்த்த அளவு வெளிச்சம் வராமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் எர்த் வயரின் புல்லட் கனெக்டருக்குள் பச்சைப் பொடியாகக் களிம்பு பூத்திருந்தது, அங்கேயே 0.6 வோல்ட் போய்க்கொண்டிருந்தது. எர்த் கெட்டுப்போயிருந்தால் எத்தனை ரிலே போட்டாலும் பலன் முழுதாகக் கிடைக்காது.

சரி, ரிலே என்ன செய்கிறது? உள்ளே ஒரு சுருள், அதற்கு 0.15 முதல் 0.2 ஆம்பியர் போதும். அது காந்தமாகி ஒரு தடித்த தொடுமுனையை இழுத்து மூடும், பல்புக்கான 9 ஆம்பியர் அந்த முனை வழியாகப் போகும். உங்கள் ஸ்டாக்கும் சுவிட்சும் இனிமேல் அந்தச் சுருளுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதும்.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே வேண்டும். சாலினாய்டு போல்ட்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர் எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, இரண்டு ரிலேயின் 30 என்ற முனைக்கும் கொடுங்கள் (30 மின்சாரம் உள்ளே வரும் முனை, 87 விளக்குக்குப் போகும் முனை, 85-உம் 86-உம் சுருளின் இரு முனைகள்). ஃபியூஸ் ஏன் அவ்வளவு பக்கத்தில் என்றால், போல்ட்டுக்கும் ஃபியூஸுக்கும் இடையில் வயர் உரசி பாடியில் பட்டால் பேட்டரியின் முழுச் சக்தியும் அந்த வயரில் பாயும், தடுக்க ஒன்றும் இருக்காது. பழைய நீலம்-சிவப்பு வயரை டிம் ரிலேயின் 86-இலும், நீலம்-வெள்ளையைப் பிரைட் ரிலேயின் 86-இலும் கொடுத்து, 85 இரண்டையும் பாடியில் எர்த் செய்யுங்கள். 87-இலிருந்து விளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் புது வயர். இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது, நான்கு ஃபிலமென்டுக்கும் தனித்தனியாக 10 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். டிம் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ் என்று வைத்து, அது ஒரு வளைவில் போனால் இரண்டு கண்ணும் ஒரேயடியாக அவிந்துவிடும். விளக்கின் எர்த்துக்கும் அதே தடிமனில் புது வயர் போட்டு, பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் முறுக்குங்கள்.

ரிலே வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து முனை ரிலேயில் நடுவில் இருப்பது பெரும்பாலும் 87ஏ. சுவிட்ச் அணைந்திருக்கும்போது 30 அதோடுதான் இணைந்திருக்கும். 87 என்று நினைத்து அதில் விளக்கைக் கொடுத்தால், காரைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

வெட்ட வேண்டுமா என்றால், வேண்டவே வேண்டாம். ஒரு பக்க ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் மூன்று முனை பிளக்கை உருவி, அதற்குள் பொருந்தும் ஆண் பிளக் ஒன்றை வைத்து அதிலிருந்தே 86-க்கான இரண்டு வயரையும் எடுத்துக்கொள்ளலாம். மறுபக்க பிளக்கை மூடிக் கட்டிவிடுங்கள். நாளைக்கே யாராவது காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் பத்து நிமிட வேலை. ரிலேயை முனைகள் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே தேங்கும்.

எல்லாம் முடிந்ததும் முதலில் எடுத்த அதே அளவை மறுபடி எடுங்கள், 0.2, 0.3 என்று வந்தால் வேலை நன்றாக அமைந்திருக்கிறது. ஸ்டாக்கை மட்டும் கழற்றி உள்ளே பார்த்துவிடுங்கள், கருகியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. பிறகு விளக்கின் கோணத்தைச் சரிபாருங்கள், மங்கலாக எரிந்தவரை யாரும் கவனிக்காத கோணம் இப்போது எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும்.

கேள்வி: என் எம்ஜிபி 1965 மாடல், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் பாடியோடு இணைந்தது), சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ. இதற்கும் ரிலே சரிப்படுமா?

பதில்: தாராளமாக. சாதாரண ரிலேயின் சுருளுக்குப் பிளஸ் எது, மைனஸ் எது என்ற கவலை கிடையாது. ஆனால் சுருளின் குறுக்கே டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) வைத்த ரிலேக்கள் இருக்கின்றன, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். முனைகளில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அப்படியே உங்கள் காரில் மாட்டினால் டையோடு தலைகீழாக உட்காரும், சுவிட்சைப் போட்டவுடன் ஷார்ட் ஆகிவிடும், அந்தப் பழைய வயரில் ஃபியூஸும் இல்லை. ரெசிஸ்டர் வைத்தது என்றால் பயமில்லை. ரிலேயின் உடம்பிலேயே சின்னப் படம் அச்சிட்டிருப்பார்கள், முக்கோணமும் கோடும் தெரிந்தால் அது டையோடு.

இன்னொரு விஷயம், உங்கள் காரில் இருக்கும் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் கொடுப்பதே 22 ஆம்பியர்தான், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. ஐடிலில் நிற்கும்போது விளக்கு மங்குவது டைனமோவின் குணம், அதை ரிலே மாற்றாது. 60/55 வாட்டைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: டிரையம்ஃப் டிஆர்4-இல் ரிலே போட்டேன், வெளிச்சம் பிரமாதம். ஆனால் இப்போது விளக்கைப் போட்டால், பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா வெளியேறுகிறதா என்று காட்டும் அம்மீட்டரின் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தபடியே நிற்கிறது. டைனமோ கெட்டுவிட்டதா?

பதில்: டைனமோ நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் ரிலேக்கான மின்சாரத்தை அம்மீட்டருக்குப் பேட்டரிப் பக்கத்தில் எடுத்திருக்கிறீர்கள். டைனமோவிலிருந்து விளக்குக்குப் போகும் 9 ஆம்பியர் இப்போது அம்மீட்டரைக் கடந்துதான் போகிறது, பேட்டரிக்குப் போவதாக நினைத்து முள் அதைச் சார்ஜ் என்று காட்டுகிறது. ரிலேக்கான வயரை அம்மீட்டருக்கு அந்தப் பக்கம், டைனமோவைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல் பாக்ஸ் இருக்கும் பக்கத்துக்கு மாற்றினால் முள் பழையபடி உண்மை பேசும். மாற்றாவிட்டாலும் ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் பேட்டரி சார்ஜ் ஆகிறதா இல்லையா என்பதை நம்பிப் பார்க்க ஒரு மீட்டர் இருப்பது பழைய காரில் பெரிய விஷயம், அதனால் நானாக இருந்தால் மாற்றிவிடுவேன்.

கேள்வி: டாட்சன் 240இசட். எம்ஜிபிக்குப் போட்ட அதே படத்தைப் பார்த்துத்தான் ரிலே மாட்டினேன். டிக் என்ற சத்தமே வரவில்லை.

பதில்: வராது, உங்கள் கார் நேர்மாறு. பிரிட்டிஷ் கார்களில் சுவிட்ச் பிளஸ் பக்கத்தில் இருக்கும். 240இசட்டில் விளக்குக்குப் பிளஸ் ஃபியூஸ் வழியாக வந்துவிடும், டிம்-பிரைட் சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் இணைக்கிறது, துண்டிக்கிறது. உறுதி செய்துகொள்ள, பிளக்கை உருவிவிட்டு, விளக்குச் சுவிட்சைப் போட்டு, டிம்முக்கும் பிரைட்டுக்கும் பொதுவான பிளக் முனைக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள், 12 வோல்ட் காட்டும். நீங்கள் 85-ஐப் பாடியில் கொடுத்திருப்பீர்கள், அதனால் சுருளின் ஒரு முனை எர்த், சுவிட்சைப் போட்டால் மறுமுனையும் எர்த். பிளஸ் எங்கிருந்து வரும்? பொதுவான முனையின் பிளஸை 86-க்குக் கொடுத்து, டிம், பிரைட் வயர்களை அந்தந்த ரிலேயின் 85-க்குக் கொண்டுபோங்கள். விளக்குப் பக்கம் மட்டும் 87-இலிருந்து ஃபிலமென்டுக்குப் பிளஸ், பொது முனை எர்த் என்று மாறும்.

கேள்வி: விளக்கைப் போட்டால் ரிலே கடகடவென்று அடித்துக்கொள்கிறது, விளக்கும் சேர்ந்து துடிக்கிறது. ரிலே மட்டமானதா?

பதில்: ரிலேயைக் குறை சொல்வதற்கு முன் 85, 86-க்கு நடுவில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். சுருளுக்கு வரும் வோல்ட் போதாமல் தத்தளித்தால்தான் இப்படி அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் 85-இன் எர்த் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும், அல்லது பழைய புல்லட் கனெக்டர் ஒன்று தளர்ந்திருக்கும். எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மறுபடி முறுக்கிப் பாருங்கள்.