2 அடி மீன் தொட்டியில் எந்த மீன்களைச் சேர்த்து வளர்க்கலாம்?

கேள்வி கேட்டவர் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கியிருக்கிறார். கலர் கலராக, சண்டை போடாத மீன்களாக, வகைக்கு ஒரு ஜோடி விடலாமா என்று கேட்கிறார். ஊர் சென்னை, வீட்டில் போர் தண்ணீர்.

எந்த மீன் எதோடு ஒத்துப்போகும் என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்று பாருங்கள். சென்னை போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் பல தெருக்களில் 1000-ஐத் தொடும். இந்தத் தண்ணீர் சில மீன்களுக்கு உண்மையிலேயே பிடிக்கும். கப்பி, பிளாட்டி, மோலி போன்ற குட்டி போடும் மீன்கள் மத்திய அமெரிக்கா, மெக்சிகோ, தென் அமெரிக்காவின் வடகரைப் பக்கத்தைச் சேர்ந்தவை. சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீரில்தான் அவை திடமாக இருக்கும். மோலியை மென்மையான தண்ணீரில் விட்டால், ஒரே இடத்தில் நின்றபடி உடம்பை மட்டும் நெளித்துக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். நீந்துவது போலத் தெரியும், ஆனால் ஓர் அங்குலம்கூட நகராது. அது நோயின் அறிகுறி.

நியான் டெட்ராவுக்கு எல்லாமே நேர்மாறு. அமேசானின் உப்பில்லாத, சற்றே அமிலத்தன்மை உள்ள ஓடைகள்தான் அதன் பூர்வீகம். 20 முதல் 26 டிகிரி வரை அதற்குச் சுகம். மே மாதத்தில் சென்னை வீட்டுத் தொட்டி ஹீட்டர் இல்லாமலே 30 டிகிரியைத் தாண்டிவிடும். "இங்கேயே பண்ணையில் வளர்ந்ததுங்க, நம்ம தண்ணிக்குப் பழகினதுதான்" என்று கடைக்காரர் சொல்வார். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனாலும் அதன் உடம்பில் ஓடும் நீலக்கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்கள் தொட்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், இந்த 'வகைக்கு ஒரு ஜோடி'. கடையில் விலையே ஜோடிக் கணக்கில் சொல்வதால் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறோம். ஆனால் டெட்ரா, பார்ப், டேனியோ, கோரிடோராஸ் எல்லாம் கூட்டமாக வாழும் மீன்கள். இரண்டு டெட்ராக்களை மட்டும் விட்டால் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், நிறமும் மங்கிப்போகும். டைகர் பார்ப் விஷயம் இன்னும் மோசம். எட்டுப் பத்து இருந்தால் தங்களுக்குள் துரத்தி விளையாடிக்கொள்ளும். இரண்டே இரண்டு இருந்தால் அந்தத் துடிப்பு முழுவதும் பக்கத்து மீன்களின் மேல் திரும்பும். பாவம், மெதுவாக நீந்தும் கப்பியும் ஏஞ்சல் மீனும்தான் அகப்படும். முதலில் வாலின் ஓரம் கிழிந்த துணி போலாகும், பிறகு அந்த இடத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். சிறிய தொட்டியில் ஓடி ஒளிய இடமும் இல்லை. ஆகவே ஆறு வகையில் இரண்டிரண்டு வேண்டாம், இரண்டு வகை போதும்.

கொள்ளளவையும் பாருங்கள். உங்கள் தொட்டியின் கணக்கு 56 லிட்டர். அடியில் போடும் கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் தண்ணீர் 45 லிட்டர்தான் நிற்கும். கடைத்தொட்டியில் ஓர் அங்குலத்தில் இருக்கும் மீன் எவ்வளவு வளரும் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கோல்டு பிஷ் பெரிதாக வளரும், கழிவு அதிகம், குளிர்ந்த தண்ணீர் மீனும்கூட. ஏஞ்சல் கையகலம் வளரும், வளர்ந்தபின் வாயில் அடங்கும் சிறு மீனை விழுங்கிவிடும். 'சுறா' என்று விற்கும் வெள்ளிநிற மீன் மேகாங் நதியின் கெளுத்தி இனம், அங்கே ஒரு மீட்டருக்கு மேல் வளர்கிறது. ஃபைட்டர் ஆணையும் கப்பியையும் சேர்க்க வேண்டாம். கப்பியின் விசிறி வாலைப் பார்த்து இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துப் பாயும்.

சரி, எதைத்தான் வாங்குவது? உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஆண் கப்பி எட்டும் பிளாட்டி ஐந்தும் வாங்குவேன். கலர் கலராக வேண்டும் என்ற ஆசைக்கு இந்த இரண்டே போதும். ஆண் கப்பிகளில் ஒரே மாதிரி வால் இரண்டு கிடைப்பதே அபூர்வம். ஆண் மட்டும் ஏன் என்றால், பெண் கப்பி பெரும்பாலும் கடையிலேயே சினையாகத்தான் இருக்கும். ஒருமுறை இணைந்தால் போதும், ஆண் இல்லாமலே மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் குட்டி போடும். 45 லிட்டர் தாங்காது. பிளாட்டியில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண்ணாவது இருக்கட்டும், இல்லையென்றால் ஓர் ஆண் பெண்ணை விடாமல் துரத்திக் களைக்க வைத்துவிடும். பிளாட்டி குட்டிகளில் பலவற்றைப் பெரிய மீன்களே தின்றுவிடும். மிஞ்சுவதை நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.

இதே கேள்வியைக் கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டிலிருந்து கேட்டிருந்தால் என் பதில் வேறு. அந்த மென்மையான தண்ணீருக்கு செர்ரி பார்ப் எட்டு, ஹனி கௌராமி ஒரு ஜோடி என்று சொல்லியிருப்பேன். செர்ரி பார்ப் இலங்கையின் ஈரமண்டல ஓடைகளுக்கே உரிய மீன். பார்ப் என்றாலே வால் கடிக்கும் என்ற பயம் இதற்குத் தேவையில்லை. ஹனி கௌராமி இந்தியா, வங்கதேசப் பக்கத்து மீன். மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், யாரையும் தொந்தரவு செய்யாது.

எந்த மீனானாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். முதலில் ஐந்து பிளாட்டியை மட்டும் விட்டு, கொஞ்சமாகத் தீனி போட்டு, வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றி வாருங்கள். கப்பிகள் அடுத்த மாதம் வரட்டும். வெயில் காலத்தில் ஏர் பம்ப் கட்டாயம், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மின்வெட்டு நேரத்தில் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் காரணம் அதுதான்.

கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சக்கர் மீன் ஒன்றைக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பார். வாங்காதீர்கள். அது ஓர் அடிக்கு மேல் வளரும், பாசி தின்பதைவிடக் கழிவு போடுவதுதான் அதிகம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் தயவுசெய்து ஏரியிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டவைதான் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்து, மீனவர்களின் வலையையும் கிழிக்கின்றன. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை, மீனை வாங்கிக்கொண்டால் போதும்.