கேளுங்கோ அக்கா: குளிசையும் மனச்சாட்சியும்

கேள்வி: அக்கா, எங்களுக்குக் கைக்குழந்தை ஒண்டு இருக்கு. போன கிழமை ஆணுறை கிழிஞ்சு போச்சு. விடியவே கிட்ட இருக்கிற பாமசிக்குப் போய் போஸ்டினோர் எண்ட அவசரக் கருத்தடைக் குளிசை கேட்டனான். கடைக்காரர், "அது கருவைக் கொல்லுற குளிசை, என்ர மனச்சாட்சிக்கு ஒத்துவராது, விக்கமாட்டன்" எண்டு ஆக்களுக்கு முன்னால சத்தமாச் சொல்லிப்போட்டார். வெக்கத்தில அழுதுகொண்டு வந்து, பிறகு ரவுணுக்குப் போய்த்தான் வாங்கினது. அவர் சொன்னது சரியோ?
– வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, அவற்ற மனச்சாட்சி நிக்கிறதே ஒரு பிழையான தகவலுக்கு மேலதான். போஸ்டினோரில இருக்கிறது லெவோனோர்ஜெஸ்ட்ரல், அது முட்டை வெளிய வாறதைப் பிந்தப் பண்ணுற மருந்து, ஏற்கனவே தங்கின கருவை ஒண்டும் செய்யாது. அமெரிக்காவில மருந்துகளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்டிஏ எண்ட அரச அமைப்புக் கூட 2022 டிசம்பரில இந்த மருந்தோட வாற தாளைத் திருத்தி, கரு கருப்பையில ஒட்டுறதை இது தடுக்காது எண்டு போடப் பண்ணினது. பால் குடுக்கிற தாய்மாரும் போடலாம், பயப்பிடாதேங்கோ.

சரி, விளங்கப்படுத்தியும் ஒரு ஆளுக்கு மனம் ஒப்பேல்லை எண்டால்? பிரான்சில சின்ன ஊர் ஒண்டில ரெண்டு பாமசிக்காரர் 1995 இல கருத்தடைக் குளிசை தரமாட்டம் எண்டு நிண்டு, தண்டம் கட்டி, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மட்டும் போனவை. 2001 இல கோட்ஸ் அவையின்ர மனுவை எடுக்கேல்லை, அந்த மருந்து பாமசியில மட்டும்தான் கிடைக்குது, உங்கட நம்பிக்கையை வாங்க வாற ஆக்களில திணிக்கேலாது எண்டு சொல்லிப்போட்டினம்.

நான் அவ்வளவுக்குப் போகேல்லை. நானும் கனகாலம் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால நிண்டவள்தான். இதுக்கு வாற பிள்ளையள் முதல் ரெண்டு காட் பனடோல் கேக்குங்கள், பிறகு பல்லுத்தீட்டுற பசையைத் திருப்பித் திருப்பிப் பாக்குங்கள், கடை வெறிச்ச உடன கிட்ட வந்து வாய்க்குள்ள ஒரு சொல்லு. அந்தச் சொல்லைக் கேட்டிட்டு ஆக்களுக்கு முன்னால கத்துறதுக்குப் பேர் மனச்சாட்சி இல்லை. விக்க மனமில்லாட்டி கூட நிக்கிற பெடியனிட்ட எடுத்துக் குடுக்கச் சொல்லலாம், இல்லாட்டி எந்தக் கடையில இருக்கெண்டாவது மெல்லமாச் சொல்லிவிடலாம். 72 மணித்தியாலத்துக்குள்ள போடவேண்டிய மருந்து, பிந்தப் பிந்த வேலை செய்யிறது குறையும். உங்களுக்கு ரவுண் பத்து நிமிசம், நெடுந்தீவுப் பிள்ளை எண்டால் போட் பாத்து குறிகாட்டுவானுக்கு வந்து பிறகு பஸ் பிடிக்கவேணும், அதுக்குள்ள ஒரு பகல் போயிடும். கருக்கலைப்பு எங்கட நாட்டில 1883 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தாயின்ர உயிரைக் காப்பாத்த மட்டும்தான், அப்ப அவர் சொல்லுற "இல்லை" எவ்வளவு தூரம் போகும் எண்டு பாருங்கோ.

இனி அந்தரப்படாமல் இருக்க, உங்கட குடும்பநல மிஸ்ஸோட கதையுங்கோ, கிளினிக்கில குளிசை, ஊசி, கருப்பைக்குள்ள வைக்கிற லூப் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். இந்த முறை மாதவிலக்கு ஒரு கிழமைக்கு மேல பிந்தினால் யூரின் பாக்கிற கிட் ஒண்டு வாங்கிப் பாருங்கோ. அதை அந்தக் கடையிலயே வாங்கலாம், அதுக்கு அவற்ற மனச்சாட்சி ஒண்டும் சொல்லாது போல.