ஏழு நாள் பொய்யை ஞாயிற்றுக்கிழமையே எழுதி வைப்பவருக்கு

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. அமெரிக்க வாடிக்கையாளர் என்பதால் மாலை ஆறிலிருந்து அதிகாலை மூன்று மணி வரை ஷிப்ட். செத்துப்போன ஊழியர்கள் தினமும் லாகின் செய்து மேனேஜருக்கு வேலை முடித்துக் கொடுப்பதாக ஒரு பேய்க்கதை எழுதினேன். அனுப்பிய பத்திரிகைகள் எல்லாம் திருப்பிவிட்டன. "பயமே வரவில்லை" என்றார் ஒரு ஆசிரியர். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதலாமா? ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், அதைப் பற்றிக் கவலையில்லை. "சாப்பிட்டேன்மா, படுக்கப் போறேன்" என்று தினமும் இரவு ஒன்பதரைக்கு எஸ்.எம்.எஸ். போகும்படி ஞாயிற்றுக்கிழமையே ஏழு நாளுக்கும் நேரம் குறித்துப் போட்டுவிடுவேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, வேலையை விட்டுவிட்டு எழுதலாமா என்ற கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. விட வேண்டாம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸுக்கு வருகிறேன்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவல் (1897) படித்திருப்பீர்கள். எல்லோருக்கும் அதில் பல்லும் ரத்தமும்தான் ஞாபகம். ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவின் கோட்டைக்கு ஜோனதன் ஹார்க்கர் எதற்குப் போனான்? ஆபீஸ் வேலையாக. பிரபு இங்கிலாந்தில் வாங்கும் வீட்டுக்குப் பத்திர வேலை பார்க்க முதலாளி அனுப்பிய இளம் வக்கீல் அவன். போன இடத்தில் மாட்டிக்கொண்டான். மே மாதம் ஒரு நாள் பிரபு அவனை மூன்று கடிதங்கள் எழுத வைக்கிறார். வேலை முடியப் போகிறது, சீக்கிரம் கிளம்புவேன் என்று ஒன்று. நாளைக் காலை கிளம்புகிறேன் என்று ஒன்று. கோட்டையை விட்டு வந்துவிட்டேன் என்று ஒன்று. போட வேண்டிய தேதியையும் அவரே சொல்கிறார்: ஜூன் 12, 19, 29. தன் ஆயுள் எதுவரை என்று ஹார்க்கருக்கு அப்போது தெரிந்துவிடுகிறது. ரத்தம் குடிக்கும் இடங்களைவிட எனக்குக் குலை நடுங்கியது இங்கேதான்.

அவனையாவது ஒரு பிசாசு மிரட்டி எழுத வைத்தது. உங்களை யார் மிரட்டினார்கள்? வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடுவீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமையே எப்படித் தெரியும்? நடுவில் புதன்கிழமை லாரி அடித்து நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் ஒன்பதரைக்கு "சாப்பிட்டேன்மா" போய்ச் சேரும். அம்மாவும் நிம்மதியாகப் படுத்துவிடுவார். செத்தவன் லாகின் செய்கிறான் என்று கதை கட்டுகிறீர்கள். செத்தாலும் தவறாமல் போகிற செய்தியை உங்கள் போனிலேயே வைத்திருக்கிறீர்கள். அதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்கிறீர்கள், 'கவலையில்லை' என்று வேறு!

யாருக்குக் கவலையில்லை? ராத்திரி பத்து மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சை அடைத்தால், பிள்ளை தூங்கிவிட்டான், எழுப்ப வேண்டாம் என்று பேசாமல் படுத்துக் கிடப்பார். விழித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை, தூங்குகிறான் என்று நம்ப வைத்திருக்கிறீர்கள்.

மூலதனம் என்பது செத்த உழைப்பு, அது ரத்தக்காட்டேரி மாதிரி உயிருள்ள உழைப்பை உறிஞ்சித்தான் வாழ்கிறது என்று மார்க்ஸ் 1867-இலேயே எழுதிவிட்டார். சரி, உறிஞ்சட்டும், அதன் குணம் அது. ஆனால் பெற்றவளுக்குச் சேர வேண்டிய இரண்டு நிமிடத்தை உங்கள் கம்பெனி கேட்கவே இல்லையே, நீங்களாக அல்லவா தூக்கிக் கொடுத்தீர்கள்? தனியாக இருக்கும் தாய்க்குப் பிள்ளை தன் குரலைத்தான் கொடுக்க வேண்டும். பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கதைக்கு வருவோம். கரீபியக் கடல் நாடான ஹைத்தியில் கரும்புத் தோட்ட அடிமைகளின் சந்ததியினர் சொல்லி வந்த ஜோம்பி (நடமாடும் பிணம்) கதைகளில் செத்த பிறகும் விடுதலை கிடையாது. குழியிலிருந்து எழுப்பி மறுபடி தோட்டத்துக்கே ஓட்டுவார்கள். அங்கே கேட்ட ஒரு கதையை வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் 1929-இல் புத்தகத்தில் எழுதினார். ஜோம்பிகளுக்கு உப்பில்லாத சாப்பாடுதான் போட வேண்டும். ஒரு நாள் கங்காணியின் பெண்டாட்டி இரக்கப்பட்டு வாங்கிக் கொடுத்த மிட்டாயில் உப்பு இருந்துவிட்டது. நாக்கில் பட்டதும் தாங்கள் செத்தவர்கள் என்று தெரிந்து, சொந்த ஊர் இடுகாட்டை நோக்கி நடக்கிறார்கள். ஊரார் அடையாளம் கண்டு ஓடி வருகிறார்கள். ஒரு தாய் மகளின் காலடியில் விழுந்து 'போகாதே' என்று கதறுகிறாள். மகள் அவளை மிதித்துக்கொண்டு போகிறாள்.

உங்கள் கதையில் மேனேஜர் இருக்கிறார். காத்திருக்க ஒரு ஆளைக் காணோம். அப்புறம் எப்படிப் பயம் வரும்?

இந்த வாரத்துக்குப் போட்டு வைத்ததில் மீதி இருப்பதை இப்போதே அழியுங்கள். மாலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அம்மாவைக் கூப்பிட்டு, ராத்திரியில்தான் வேலை, மூன்று மணி வரை விழித்திருப்பேன், எந்நேரமும் கூப்பிடுங்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் போன் நம்பரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.